பக்கத்து அறையில் யாரும் இல்லை

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் தான் மூச்சை நிறுத்துகிறோம் என்பது அக்காவுக்கு ஒரு கல்லூரி அரங்கில்தான் உறைத்தது.

"கை கழுவிட்டு வந்தான். வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தான்" என்று சொல்லிவிட்டு, மைக்கிலிருந்து முகத்தை லேசாக விலக்கிக்கொண்டு நின்றாள். முன் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், "'தட்டை எடுத்துடாதக்கா, இதோ வந்துடறேன்'னான்" என்று முடித்தாள். அரங்கம் முழுக்க உச்சுக்கொட்டியது.

அந்த உறிஞ்சலுக்காகத்தான் காத்திருந்தோமா? மேடையிலிருந்து இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். யாரோ கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா பேசுனீங்க அக்கா" என்றார்கள். நல்லாப் பேசினாளாம். செத்துப்போன தம்பியைப் பற்றி நல்லாப் பேசினாளாம். வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்குத் தொழில் தையல். கடைத்தெருக் கட்டடம் ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சீருடையில் மடிப்பைப் பிரித்து இறக்குவது, இதுதான் வேலை. "புதுசு தைக்க ஊர்ப்பட்ட ஆள் இருக்கு. பழசை உடம்புக்கு ஒத்து வர வைக்கத்தான் ஆள் இல்ல" என்பாள். அவள் புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். வீட்டிலும் கண்டக்டர்தான், கூடத்தில் நாலு பேர் நின்றால், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று வாய் தானாகச் சொல்லும்.

தம்பி அவர்களோடுதான் இருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இயந்திர அறைக்குள் கிடப்பான். அதனால் வேலையிடத்தில் அவனுக்கு 'மேல்மாடி' என்று பெயர். சின்ன வயதில் அம்மா, "இவனுக்கு மேல்மாடி காலி" என்று திட்டியதும் அதில் சேர்த்தி. யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

ஒரு குடியிருப்பில் மேல்தளத்து வீட்டில் நகை காணாமல் போனது. அன்றைக்கு லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவன் இவன். அவன்மேல் சொல்வதற்கு அதற்கு மேல் எதுவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை இரண்டு பேர் வந்து, "ஒரு சின்ன விசாரணை" என்று கூட்டிப்போனார்கள். அக்காவும் கண்டக்டரும் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டபோது, அப்படி யாரையும் கூட்டி வரவில்லை என்றார்கள். மறுபடி போனபோது நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அதற்கும் மறுபடி போனபோது ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியை முகத்தளவுக்கு மட்டும் விலக்கிக் காட்டினார்கள்.

இதயம் நின்றுவிட்டதாம். உடம்பில் இருந்த காயங்களுக்கு, படியில் உருண்டுவிட்டான் என்று ஒரு விளக்கம். விசாரணை நடத்த வந்த அதிகாரி நல்ல மனிதர்தான், அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஆனால் அவர் அறிக்கையிலும் அதேதான் வந்தது: அடித்ததற்குச் சாட்சி இல்லை, பக்கத்து அறையில் யாரும் இல்லை. சில மாதம் கழித்து அந்த நகை அதே வீட்டில் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அதற்காக யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் தட்டை அக்கா எடுக்கவே இல்லை. மேஜைமேலேயே கிடந்தது. கடைசியில் ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கண்டக்டர்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவர் தோள்பட்டை குலுங்கியதை அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். இதை மட்டும் அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

மேடைக்கு முதலில் கூட்டிப்போனவர் வக்கீலம்மா. மனித உரிமை வழக்குகளை நடத்துகிறவர், கட்டையான உருவம், கனத்த பை, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. "நாங்க சட்டத்தைப் பேசினா யார் காதுலயும் ஏறாது. நீங்க உங்க தம்பியைப் பேசுங்க" என்றார். அக்கா பேசினாள். அங்கிருந்து இன்னொரு கூட்டம், அதிலிருந்து இன்னொன்று. நீதி குறித்த கலந்துரையாடல், காவல்துறைச் சீர்திருத்தம் குறித்த கருத்தரங்கு, மாணவர் அரங்கு, தொழிற்சங்கக் கூடம். அவளைவிட வயதில் மூத்த பேராசிரியர்களும் அவளை 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் சுருக்கமாகப் பேசச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் அரைமணி பேசும் தலைவர், முதல் பேச்சிலேயே தூங்கிப்போய் கைதட்டல் சத்தத்தில் விழித்து எல்லாருக்கும் முந்திக் கைதட்டும் ஓய்வுபெற்ற நீதிபதி, ஊளையிடும் மைக், எல்லாம் அவளுக்குப் பழகிப்போயிற்று. அவளை எப்போதும் சாப்பாட்டு இடைவேளைக்குப் பின்னால்தான் பேச வைப்பார்கள். அப்போதுதான் கூட்டம் கலையாமல் நிற்கும்.

பின்னால் பேனரில் தம்பி. அக்காவின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். அசலில் அவன் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்கியதில் சிரிப்பு எப்படியோ போய், நியாயம் கேட்கிற முகமாக ஆகிவிட்டது. வருஷம் போகப்போக அக்காவுக்கு வேறு முகமே நினைவுக்கு வரமாட்டேன் என்றது. கனவில்கூட பேனராகத்தான் வந்தான். கூடத்தில் நின்றான், காற்றில் லேசாக ஆடினான். அவள் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் பார்த்தால் ஆளே இல்லை, ஒரு கோடு.

வாடிக்கையாளர்களில் இளவயது ஆண்கள் வந்தால் யாராக இருந்தாலும் 'தம்பி' என்றுதானே வாய் வரும். அவளுக்கு வராது. "என்னங்க, எவ்வளவு குறைக்கணும்?" என்பாள்.

கல்லூரியில் அந்த நிறுத்தலைக் கண்டுபிடித்த பிறகு அவள் பேச்சு தடுமாறத் தொடங்கியது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்ப்பதையே விட்டாள். தலைகளுக்கு மேலே, அரங்கத்தின் கடைசிச் சுவரைப் பார்த்துப் பேசினாள். அப்படிப் பார்த்ததில்தான் அந்த ஆள் கண்ணில் பட்டான்.

கடைசி வரிசை, கதவோர நாற்காலி. முப்பதைத் தாண்டாத வயது, ஒல்லி. கைதட்டவில்லை. செல்போனை எடுக்கவில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். முடித்ததும் எழுந்து போனான். அடுத்த கூட்டம் ஊரின் வேறொரு மூலையில். அங்கேயும் கதவோர நாற்காலியில் அவனே.

"மஃப்டி போலீஸ்தான், சந்தேகமே இல்ல" என்றார் கண்டக்டர். "டிக்கெட் எடுக்காத ஆளை உக்காந்திருக்கற தினுசுலயே நான் சொல்லிடுவேன். இவன் அப்படித்தான் உக்காந்திருக்கான்."

"மஃப்டின்னா ஏதாவது எழுதுவான்ல?"

"மண்டைக்குள்ள எழுதிக்கறானோ என்னமோ. நீ ஒண்டியாப் போகாத."

ஆனால் அவள் ஒண்டியாகப் போயிருந்த ஒரு நூலகக் கூட்டத்துக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து போகப் பார்த்தான். அக்காவுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது.

"நில்லுங்க. யார் நீங்க? எல்லாக் கூட்டத்துக்கும் வர்றீங்க. பேசறதில்ல, கைதட்டறதில்ல. என்னை வேவு பார்க்கச் சொன்னது யாரு?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்புறம்?"

அவன் சாலையைப் பார்த்தான். "அவர் அப்படிப் பேசமாட்டாருக்கா" என்றான்.

"யாரு?"

"நீங்க மேடையில சொல்றீங்களே, தட்டை எடுத்துடாதன்னு. அவ்வளவு அழுத்தமா அவர் பேசமாட்டாரு. எதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு."

"என் தம்பியை உங்களுக்குத் தெரியுமா?"

"முகம் தெரியாது. பேனர்லதான் பார்த்தேன். குரல் தெரியும்." பிறகு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, "நான் பக்கத்து அறையில இருந்தேன்க்கா" என்றான்.

அவளுடைய பஸ் வந்து நின்றது, கிளம்பிப் போனது. அக்கா நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அப்போது பத்தொன்பது வயதுப் பையன். நடைபாதையில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தான். கடையை நகர்த்தச் சொன்ன போலீஸ்காரரிடம் எதிர்த்துப் பேசிவிட்டான். கொஞ்சம் பயமுறுத்தி அனுப்பலாம் என்று கொண்டுவந்து அடைத்தார்கள். எதிலும் அவன் பெயரை எழுதவில்லை. தம்பி இறந்த அன்றைக்குப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டு, "நீ இங்க வரவே இல்ல, புரியுதா?" என்றார்கள். விசாரணை அதிகாரி வந்தபோது அந்த அறையில் யாரும் இல்லை என்று சொல்லப்பட்டது. எழுதாத பெயரை யார் தேடப்போகிறார்கள்? அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறான். கல்யாணமாகிவிட்டது. மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் தெருவோரச் சுவரொட்டியில் அந்தக் காவல் நிலையத்தின் பெயரைப் பார்த்துக் கூட்டத்துக்குப் போனான். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் போகிறான்.

அன்று அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் அவளாலும் கேட்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு பேன்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். நீளம் குறைக்க வேண்டும் என்றான். அளவெடுத்துப் பார்த்தால் அரை விரல்கூடக் கூடுதல் இல்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் கால்மடிப்பைப் பிரித்தாள். அவன் முக்காலியில் உட்கார்ந்தான்.

"அழுதுக்கிட்டே இருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து 'யாருடா அது, குழாயை மூட மறந்துட்டுப் போனது?'ன்னு ஒரு குரல்."

அக்காவின் கை ஊசியோடு நின்றது. அது தம்பியேதான். அவள் வீட்டில் யார் அழுதாலும் அவன் சொல்வது அது. எத்தனையோ வருஷமாக அவள் நினைவில் வராமல் எங்கோ கிடந்த சொல்.

அப்படித்தான் அது நடந்தது. அவன் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு துணியோடு வருவான். அவள் பிரித்து, அதே இடத்தில் திரும்பத் தைப்பாள். அவன் கொஞ்சம் சொல்வான். அவளால் தாங்க முடிகிற அளவுக்குத்தான். போதும் என்றால் கையைத் தூக்குவாள், அவன் நிறுத்திக்கொள்வான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி அவனுக்கு லிஃப்ட் கதைகளாகச் சொல்லியிருக்கிறான். சண்டை போட்டுக்கொண்டே லிஃப்டில் ஏறிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நடுவில் மாட்டிக்கொண்டு, இவன் போய்க் கதவைத் திறப்பதற்குள் சமாதானமாகி, "ஏன்யா இவ்வளவு சீக்கிரம் வந்தே?" என்று கேட்டது. ஒரு பெரிய முதலாளி மாட்டிக்கொண்டு, வெளியே வந்தால் குடிப்பதில்லை என்று சத்தம் போட்டு வேண்டிக்கொண்டது, அதைக் கதவுக்கு வெளியே அவர் மொத்த அலுவலகமும் நின்று கேட்டது. "கயிறு அறுந்தா லிஃப்ட் விழுந்துடும்னு பயப்படுவாங்க. விழாதுடா. பிடிச்சுக்கறதுக்குன்னே கீழ ஒண்ணு வச்சிருக்கோம். நீ தூங்கு."

நடுவில் கதவு திறக்கும். தம்பியைக் கூட்டிப்போவார்கள். தூரத்திலிருந்து சத்தம் வரும். அதை அவன் விவரமாகச் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு அந்தக் குரல் கேட்கும்: "எங்க விட்டேன்?"

"ஒவ்வொரு தடவையும் கேப்பாருக்கா. நான் எடுத்துக் கொடுப்பேன். விட்ட இடத்துலேருந்து சொல்வாரு. ஒவ்வொரு தடவையும் குரல் கம்மியாகிட்டே வரும். நான் சுவத்துல காதை அழுத்திக்கிட்டு..."

அக்கா கையைத் தூக்கினாள்.

ஒருநாள் அவன் கடைக்குள் நுழைந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாதாரணமாக, "போன வாரம் எங்க விட்டேன்?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவன் முகம் வெளிறிப்போயிற்று. அக்கா இயந்திரத்தைப் போட்டாள். ஊசிக்கு அடியில் துணிகூட இல்லை. வெறும் இரும்பின்மேல் அது தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய்விட்டான். கடைசிப் பகுதி ஒன்று பாக்கி இருந்தது. அதற்கப்புறம் அவனும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய சட்ட வரைவு வந்தது. காவலில் எடுக்கப்படும் ஒவ்வொருவரின் பெயரும் உடனே பதிவாக வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும், அறைகளில் கேமரா இருக்க வேண்டும் என்று வரைவு சொன்னது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. வக்கீலம்மா அக்காவைத் தயார் செய்தார்.

"ஒரு சாட்சி இருந்திருந்தா கேஸே வேற மாதிரி போயிருக்கும். ஒரே ஒரு ஆளு" என்று வழக்கம்போலப் பெருமூச்சு விட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

முந்தின நாளே அவள் அவனிடம் கேட்டிருந்தாள். கெஞ்சவில்லை, கேட்டாள்.

"இல்லக்கா. நான் அங்க இருந்ததே இல்லைன்னுதான் இருக்கு. இல்லாத ஆளு எப்படி சாட்சி சொல்றது? திரும்ப என்னை உள்ள வச்சாங்கன்னா அதையும் எழுதமாட்டாங்க. என் வீட்டுக்காரிக்கு நான் எங்க போனேன்னே தெரியாது. என்னைப் பத்தி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லல" என்றாள். கண்டக்டரிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

குழு உட்கார்ந்திருந்தது மாநகராட்சிக் கூடத்தில். மூன்று பேர், நீளமான மேஜை, பேச்சுக்கு நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி. அக்கா பேசினாள். தட்டுக் கதையைச் சொல்லவில்லை. தேடிப்போனபோது ஒவ்வொரு கதவிலும் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் சொன்னாள். மேஜையின் ஓரத்தில் இருந்த உறுப்பினர் முன்னாள் காவல் அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, உங்க இழப்பு எங்களுக்குப் புரியுது. ஆனா அடிச்சாங்கன்னு சொல்றீங்க. நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லைங்க."

"வேற யாராவது பார்த்தாங்களா, கேட்டாங்களா?"

கடைசி வரிசையில், கதவோரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரும்போதே பார்த்திருந்தாள். இப்போது பார்க்கக் கூடாது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து அறை ஒண்ணு இருந்தது இல்லையா?" என்றார் அவர்.

"பக்கத்து அறையில யாரும் இல்லைன்னுதாங்க எழுதியிருக்கு."

"அறிக்கை இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் இல்லைங்க" என்றாள்.

பின்னால் ஒரு நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. மணி அடித்தார்கள்.

இனி அவன் வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கூடத்தின் வாசற்படியில், போகிற வருகிறவர்களின் கால்களுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் இல்லைன்னு சொல்லிட்டீங்க" என்றான்.

"நீங்க சொல்லச் சொன்னதுதானே?"

"ஆமாக்கா. நான் சொன்னதுதான்." அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். "அவங்க வாயிலேருந்து கேக்கறது வேற. உங்க வாயிலேருந்து கேக்கும்போது, நிஜமாவே நான் இல்லாத மாதிரி ஆயிடுச்சு. அப்ப அவர் யார்கிட்ட பேசிட்டு இருந்தாரு?"

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கனத்த பையைத் தூக்கிக்கொண்டு வக்கீலம்மா வந்து, இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவன் எழுந்து நின்று, "மேடம், நான் பேசணும்" என்றான்.

அவன் முதலில் சொன்னது மனைவியிடம். அவள் அவனைக் கோபித்துக்கொண்டது, இத்தனை வருஷம் மறைத்ததற்கு மட்டும்தான். வக்கீலம்மா அலுவலகத்தில் அவன் வாக்குமூலம் கொடுத்த அன்று அவளும் வந்து கூடவே உட்கார்ந்தாள். அக்கா அந்த அறைக்குள் போகவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கண்டக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டம் வந்தது. பதிவு உண்டு, தகவல் உண்டு, கேமரா உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். "இந்த ஒரு வார்த்தை போதும், மொத்தச் சட்டத்தையும் முழுங்கி ஏப்பம் விட" என்று வக்கீலம்மா கத்தினார். ஆனால் தம்பியின் வழக்கை நீதிமன்றம் மறுபடி திறந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் செத்துப்போயிருந்தார், மற்றவர்கள் ஓய்வு பெற்றிருந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

அக்காவைப் பேச அழைப்பதும் நிற்கவில்லை. ஒரு கூட்டத்தில் அவள், லிஃப்டில் மாட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி கதையைச் சொன்னாள். சனம் சிரித்தது. சிரித்த பிறகு, இது எங்கே, எப்போது, யாருக்குச் சொன்ன கதை என்று சொன்னாள். சிரித்த வாயை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி முழித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து அமைப்பாளர் தயங்கித் தயங்கி, "அக்கா, அந்தப் பழைய மாதிரியே சொன்னீங்கன்னா கொஞ்சம் உருக்கமா இருக்கும்" என்றார். "உங்களுக்கு இருக்கும்" என்றாள் அக்கா.

நீதிமன்றம் இடத்தைப் பார்வையிடச் சொன்னது. ஒரு நீதிமன்ற அலுவலர், வக்கீலம்மா, அவன், அக்கா. அந்த நிலையத்தின் உள்பகுதிக்கு அக்கா போவது அதுவே முதல் முறை. சுவரெல்லாம் புதுவெள்ளை. அறைகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே நீளமான கணினி அறை. திரைகள் வரிசையாக மினுங்கின. இளவயதுப் பெண் போலீஸ் ஒருத்தி அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றாள்.

அவன் நடுவில் நின்று திருதிருவென்று விழித்தான். "இது இல்ல... சுவர் இருந்தது" என்றான். வக்கீலம்மாவின் முகம் இறுகியது. அவன் ஏசியை நிறுத்தச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, மேஜைகளுக்கு அடியில் தரையைத் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் கை நின்றது. தரையின் குறுக்கே, மற்ற ஓடுகளோடு நிறம் சேராத ஒரு பட்டை. சுவரை இடித்துவிட்டு ஒட்டுப்போட்டிருந்தார்கள்.

அவன் அதற்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தான். இல்லாத சுவரில் காதை வைப்பவன்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டான். அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"கடைசியாக் கொண்டுவந்து போட்டப்ப ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் 'எங்க விட்டேன்?'னாரு. அப்பதான் புதுசா ஒரு கதை ஆரம்பிச்சிருந்தாரு. 'அஞ்சாவது மாடியில நின்னுடுச்சுண்ணே'ன்னு நான் எடுத்துக் கொடுத்தேன். 'ஆங்'னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. காதுல விழலையோன்னு நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அஞ்சாவது மாடிண்ணே, அஞ்சாவது மாடிண்ணே..." அவன் நிறுத்தினான். "விடிஞ்சப்புறம்தான் வந்து பார்த்தாங்க."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். பட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போய், புடவை புழுதியாவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள். தரை சில்லென்றிருந்தது. யாரும் அவளை எழுப்பவில்லை.

"அந்தக் கதையில மாட்டிக்கிட்டது யாரு?" என்று கேட்டாள்.

"சொல்லலக்கா. லிஃப்ட் நின்னதோட சரி."

அன்றிலிருந்து அவளை அது விடவில்லை. துணியைப் பிரிக்கும்போது, சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, யார் அது, ஐந்தாவது மாடியில்? கடைசியில் தாங்க முடியாமல் ஒரு பலமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த, தம்பி வேலை பார்த்த கம்பெனிக்கே போனாள். அவனோடு வேலை செய்த மூத்த மெக்கானிக் இப்போது மேற்பார்வையாளர். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"அஞ்சாவது மாடியில நின்னது நூறு இருக்கும்மா. எதைச் சொன்னானோ. அதுவும் மேல்மாடி சொல்ற கதையில பாதி கையிலேருந்து போட்டதுதான். நடந்துச்சா இல்லையான்னு அவனுக்கே தெரியாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் மாடிப்படியில் பாதி தூரம் இறங்கிவிட்டிருந்தாள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கணம் நின்று, மூடியிருந்த லிஃப்ட் கதவைப் பார்த்துவிட்டு, அடுத்த படியில் காலை வைத்தாள்.